பேரனோடு போங்கள், பேரன் வீட்டில் தங்காதீர்கள்

கேள்வி இது: "பேரன் அமெரிக்காவில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஜூலையில் நான்கு வாரம் இத்தாலியில் பெருஜியா என்ற ஊரில் தங்கி இத்தாலிய மொழி படிக்கப் போகிறான். 'பாட்டி, தாத்தா, நீங்களும் வாங்க, சேர்ந்து படிக்கலாம்' என்று விடாமல் கூப்பிடுகிறான். எனக்கு 66 வயது, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், முட்டி வலி உண்டு. அவருக்கு 71, சர்க்கரை. இருப்பது கும்பகோணம். இந்த வயதில் இது சரிப்படுமா? எங்களை வகுப்பில் சேர்ப்பார்களா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? ரசப்பொடி கொண்டு போக விடுவார்களா?"

அம்மா, தாராளமாகப் போங்கள். ஆனால் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போவதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் பெருஜியாவில் ஒன்பது வருஷம் வெளிநாட்டு மாணவர் குழுக்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். கூடவே வந்த பெற்றோர், தாத்தா பாட்டி என்று பலரைப் பார்த்திருக்கிறேன். சந்தோஷமாகத் திரும்பியவர்கள் எல்லாரும் தங்களுக்கென்று தனி வீடு, தனி வகுப்பு வைத்துக்கொண்டவர்கள்தான். பேரனின் கால அட்டவணையில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இரண்டாவது வாரமே ஊர் திரும்பும் தேதியை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் சேர்க்கை. பேரன் வருவது அவனுடைய அமெரிக்கக் கல்லூரி நடத்தும் திட்டம் என்றால், அதில் உங்களைச் சேர்ப்பது சிரமம். கல்லூரி எடுக்கும் காப்பீடு பதிவு செய்த மாணவர்களுக்குத்தான். அதனால் சுற்றுலாப் பேருந்தில்கூட உறவினரை ஏற்றத் தயங்குவார்கள். சில கல்லூரிகள் மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் உட்கார மட்டும் விடும், கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, ஏனென்றால் அதைவிட நல்ல வழி அதே ஊரில் இருக்கிறது. பெருஜியாவின் வெளிநாட்டவர் பல்கலைக்கழகம் 1921இல் வெளிநாட்டவர்களுக்கான பாடத்திட்டமாகத் தொடங்கி, 1925இல் அரசு ஆணை பெற்ற நிறுவனம். இத்தாலிய மொழியைப் பிறநாட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அதன் முதல் தொழில். ஒரு மாதப் பாடங்களும் உண்டு. அறுபத்தாறு வயதுக்காரர் வந்து நின்றால் அங்கே யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். முதல் நாள் ஒரு சின்னத் தேர்வு வைத்து, தெரிந்த அளவுக்கு ஏற்ற வகுப்பில் போடுவார்கள். உங்கள் இருவருக்கும் ஆரம்ப நிலை, அதாவது ஏ1. பேரன் ஏற்கெனவே ஒரு வருஷம் படித்திருந்தால் மேல் வகுப்புக்குப் போய்விடுவான். அப்படிப் போனால் நல்லது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் மாணவர்களோடு உட்காருவது புதுசும் அல்ல. அமெரிக்காவில் 1975இல் எல்டர்ஹாஸ்டல் என்று ஒன்று தொடங்கினார்கள். கோடையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி விடுதிகளில் முதியவர்களைத் தங்கவைத்துப் பாடம் நடத்துவது அதன் யோசனை. அதுவே இன்று ரோட் ஸ்காலர் என்ற பெயரில், தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து போகும் பயணங்களையும் நடத்துகிறது. ஐரோப்பாவில் பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் 'மூன்றாம் வயதினர் பல்கலைக்கழகம்' தொடங்கியது. இத்தாலியில் அந்தப் பெயர்ப்பலகை இல்லாத ஊர் குறைவு. இத்தாலியர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். நரைத்த தலை புத்தகப் பையோடு போவது அங்கே சாதாரணக் காட்சி.

இன்னொரு விஷயமும் உங்களுக்குச் சாதகம், இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தாலிய மொழியின் வாசலில் அமெரிக்கப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்தில் தமிழர்கள் நேராக நடந்து போகிறார்கள். 'நொன்னோ' என்றால் தாத்தா. அதையே ஒற்றை னகரமாக 'நோனோ' என்றால் ஒன்பதாவது. நமக்குக் கன்னி வேறு, கனி வேறு. பள்ளி வேறு, பளி என்று யாராவது சொன்னால் சிரிப்போம். இரட்டை மெய்யை அழுத்திச் சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வேறுபாடு காதிலேயே விழாது. "எனக்கு இருபது வயது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆன்னி' என்பதை 'ஆனி' என்று சொல்லிவிட்டு, ஆசிரியை ஏன் உதட்டைக் கடிக்கிறார் என்று புரியாமல் விழிப்பார்கள். (அந்தச் சொல்லின் பொருளை இங்கே எழுத மாட்டேன். உடம்பின் பின்பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.) உருளைக்கிழங்கு உருண்டைக்குப் பெயர் 'ஞொக்கி', நம் ஞகரமேதான். சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். பஸ்ஸு, காரு என்று உகரம் போட்டுப் பேசுகிற நமக்கு அதுவும் வீட்டுப் பழக்கம்.

வினைச்சொல்லும் அப்படியே. 'பார்லோ' என்றால் பேசுகிறேன், 'பார்லி' என்றால் பேசுகிறாய். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே சொல்லிவிடும். இதை அமெரிக்க மாணவர்களுக்கு விளக்க ஒரு வாரம் ஆகும், உங்களுக்கு ஒரு நிமிஷம். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. கடைக்காரரிடம் 'லேய்' என்ற மரியாதை வடிவம், பேரனிடம் 'தூ'. நாம் சறுக்குவது பால் வேறுபாட்டில்தான். நமக்கு நாற்காலியும் புத்தகமும் அஃறிணை, அதோடு முடிந்தது. அவர்களுக்கு நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள். ஆசிரியையாக இருந்தவர், வாய்ப்பாடு உங்களுக்குப் புதிதா என்ன?

மறுதிசையில் இந்தப் பயணத்தைச் செய்த ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். பெருஜியாவுக்கு மேற்கே மொந்தெபுல்சியானோ என்று ஒரு மலையூர். அந்த ஊர்ப் பிரபுக் குடும்பத்துப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, முப்பதை நெருங்கும் வயதில் தமிழை அரிச்சுவடியிலிருந்து கற்றார், 'தத்துவ போதகர்' என்று பெயர் பெற்றார். அச்சிட்ட தமிழ் அகராதிகூட இல்லாத காலம் அது. உங்களுக்கோ பேரன் போனில் போட்டுக் கொடுத்த செயலி இருக்கிறது.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பாட்டி வந்திருந்தார். பேரனும் மூன்று நண்பர்களும் இருந்த வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே இடம் வேண்டும் என்று அடம்பிடித்தார், கொடுத்தோம். தினம் மாலை ஏழு மணிக்கு டிபன் கேரியரோடு படியேறுவார். நண்பர்கள் மூவரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். பேரன் மட்டும் ஒவ்வொரு நாளும் அரை மணி தாமதமாக வீடு திரும்ப ஆரம்பித்தான். ஒரு நாள் கேரியர் அவர்கள் வாசல் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது, அடி அடுக்கில் ஆறிப்போன எலுமிச்சை சாதம். பாட்டி என்னிடம் வந்து, "தம்பி, அவனுக்கு என்மேல் என்ன கோபம்?" என்றார். கோபமே இல்லை. இத்தாலியில் பதினெட்டு வயதில் சட்டப்படி மது வாங்கலாம், அமெரிக்காவில் இருபத்தொன்று. அங்கிருந்து வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் இரண்டு வாரம் அதுவே ஒரு திருவிழா. கையில் ஒரு கிளாஸோடு சதுக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது பாட்டி எதிரே வந்துவிடுவாரோ என்ற பயம், அவ்வளவுதான். வேறு தெருவுக்கு வீட்டை மாற்றிக்கொடுத்தேன். பிறகு அந்த அம்மாவே வகுப்பில் ஒரு கேரளக் கன்னியாஸ்திரியோடு சிநேகமாகி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார். இத்தாலியில் பணிபுரிய வரும் பாதிரியார்களும் சகோதரிகளும் இந்த வகுப்புகளில் எப்போதும் இருப்பார்கள். உங்களுக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சம் இருக்காது.

ஆகவே பேரன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை தூரத்தில் இடம் பாருங்கள். வாரத்தில் இரண்டு வேளை சேர்ந்து சாப்பிடுவது என்று முதல் நாளே பேசி முடியுங்கள். அவன் படிப்பு எப்படிப் போகிறது என்று திட்ட அலுவலகத்தில் போய் விசாரிக்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத் திமிர் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபெர்பா என்று 1974ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளையின் மதிப்பெண், பதிவேடு எல்லாம் அவன் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. கட்டணம் கட்டும் அப்பாவுக்கே தயங்குவார்கள், தாத்தாவுக்குக் கேட்கவே வேண்டாம்.

முட்டி வலி என்றீர்கள். பெருஜியா சுமார் 490 மீட்டர் உயரத்தில், மலை முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். தெரு என்றால் ஏற்றம் அல்லது இறக்கம். ஆனால் இந்த ஊர் ஒரு தந்திரம் செய்திருக்கிறது. கீழே பார்த்திஜானி சதுக்கத்திலிருந்து மேலே இத்தாலியா சதுக்கம் வரை, ரோக்கா பவுலினா என்ற பழைய கோட்டையின் வயிற்றுக்குள்ளே நகரும் படிக்கட்டு ஓடுகிறது, 1983இல் போட்டது. ஏறும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். கூரை மூடிய தெருக்கள், வாசல்கள், ஜன்னல்கள் எல்லாம் நிலத்தடியில் அப்படியே நிற்கும். 1540இல், அந்த வட்டாரத்துக்கு ஆட்சியாளராகவும் இருந்த போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்ற, ஊர் எதிர்த்து நின்று தோற்றது. தோற்றவர்களின் வீடுகளையே அடித்தளமாக வைத்து, அவற்றின் மேல் போப் கட்டிய கோட்டை இது. போப்பின் ஆட்சி நீங்கிப் பெருஜியா இத்தாலியோடு சேர்ந்த 1860இல் ஊர்க்காரர்கள் மேல்பாகத்தை இடித்துத் தீர்த்தார்கள். அடியில் புதைந்த தெரு மிஞ்சியது. கடையில் வாங்கும் ரொட்டியில் உப்பே இருக்காது. அந்த வரிக்கு வீம்பு பிடித்து உப்பை விட்டவர்கள் இன்னும் சேர்க்கவில்லை என்பார்கள் ஊரில். வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புவதில்லை. எனக்கென்னவோ நம்பத்தான் பிடிக்கிறது.

ரயில் நிலையத்திலிருந்து மேலே வர மினிமெட்ரோ என்று ஓட்டுநர் இல்லாத சின்னப் பெட்டி இருக்கிறது, 2008இலிருந்து ஓடுகிறது. இரவு ஒன்பதுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகம் நகரின் வடக்குச் சரிவில், ரோமருக்கு முன்பு அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய வாசல் வளைவுக்கு நேர் எதிரே. அங்கிருந்து பிரதான சதுக்கத்துக்கு ஏறும் தெரு மூச்சு வாங்க வைக்கும், நடுவில் நின்று நின்று ஏறுங்கள். உள்ளூர்க் கிழவிகளும் காய்கறிப் பையைக் கீழே வைத்து நின்றுதான் ஏறுகிறார்கள்.

வீடு பிடிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: லிஃப்ட் இருக்கிறதா? பழைய நகரத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது. 'அழகான காட்சி' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் நான்காவது மாடி என்று பொருள் கொள்ளுங்கள். ஏசியும் அநேகமாக இருக்காது. ஜூலையில் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். கும்பகோணத்துக்காரர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் நாம் செய்கிற தப்பு ஒன்று உண்டு. காற்று வரட்டும் என்று மதியம் ஜன்னலைத் திறந்து வைப்போம். அங்கே மரச்சட்டக் கதவுகளைப் பகலெல்லாம் சாத்தி வைத்து, இருட்டிய பிறகுதான் திறக்கிறார்கள். கல் சுவர் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும்.

அடுத்தது மின்சாரம். இத்தாலிய வீடுகளில் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட் மட்டும். நம் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கர், பக்கத்தில் கெட்டில், பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் மூன்றும் ஒன்றாக ஓடும். அங்கே மூன்றாவதைத் தட்டிய நொடியில் வீடு இருண்டுவிடும். மீட்டர் சில கட்டடங்களில் தரைத்தளத்தில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். இட்லி பாதி வெந்த நிலையில் தாத்தா ஒருவர் டார்ச்சோடு மூன்று மாடி இறங்கிப் போன இரவில் எனக்கு வந்த போனை இன்னும் மறக்கவில்லை. முதல் நாளே வீட்டுக்காரரிடம் மீட்டர் எங்கே, சாவி எங்கே என்று கேட்டுவிடுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகள் பல சாத்தியிருக்கும், அடுக்ககத்தில் சத்தமும் கூடாது. மிக்ஸியைக் காலையிலேயே ஓட்டி முடியுங்கள்.

ஜூலை என்பதால் ஒரு எச்சரிக்கை. 1973இல் தொடங்கிய உம்ப்ரியா ஜாஸ் இசை விழா அந்த மாதத்தில்தான் (உம்ப்ரியா என்பது பெருஜியா இருக்கும் மாநிலம்). பத்து நாள் ஊர் நிரம்பி வழியும், வாடகை ஏறும், நடுச்சதுக்கத்தில் நள்ளிரவைத் தாண்டியும் பாட்டு கேட்கும். அதைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு. அவருக்குத் தூக்கம் முக்கியம் என்றால் கோர்சோ வன்னூச்சி என்ற பிரதானத் தெருப் பக்கம் வீடு எடுக்காதீர்கள்.

விசா விஷயம். பேரன் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் 90 நாள் வரை விசா இல்லாமல் வருவான், உங்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். கட்டணம் தலைக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு, ஜனவரி பிப்ரவரியிலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், ஓய்வூதியக் கணக்கு, தங்குமிடச் சான்று மூன்றும் வலுவான காகிதங்கள். படிப்பு என்று சொல்லி விண்ணப்பியுங்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டுக் கையில் பாடநூலோடு நிற்க வேண்டாம். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் என்று வேறு ஷெங்கன் நாட்டு வழியாக நுழைந்தால், இத்தாலிக்கு வந்து எட்டு நாளுக்குள் 'குவெஸ்தூரா' என்ற காவல் அலுவலகத்தில் வருகையைப் பதிய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தனி வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

காப்பீட்டில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தத் தொகையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய் என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதில்தான் அடங்கும். பல பாலிசிகள் அவற்றை விலக்கும், அல்லது உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும், அதுவும் ஓர் உச்சவரம்போடு கொடுக்கும். எழுபதைத் தாண்டியவருக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம். முகவர் வாயால் சொல்வதை நம்பாமல் அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள். மாத்திரைகளை முழுக் காலத்துக்கும், மேலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து, கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டில் வணிகப் பெயர் போதாது, மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் அங்கே 'மெத்ஃபொர்மினா', நம் பாராசிட்டமால் 'தக்கிபிரினா' என்ற பெயரில் கிடைக்கும். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக்கடை. அவசரம் என்றால் 112.

ஒரு சின்ன ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். அரசு அருங்காட்சியகங்களில் முதியோர் சலுகையை 2014இல் எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாருக்கும் இலவசம், மற்றபடி உங்களுக்கும் பேரனுக்கும் ஒரே விலை. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது, கணக்குப் பார்த்து அன்று உம்ப்ரியா தேசியக் காட்சிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். வெளியே உள்ள பெரிய நீரூற்று 1278ஆம் வருஷத்தது, அதற்கு என்றைக்கும் காசில்லை. சுற்றிலும் பன்னிரண்டு மாதத்து வேலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள், அறுவடையும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் அரை மணி நின்று பார்க்கலாம்.

சாப்பாடு. சைவம் கிடைக்கும், ஆனால் சொல்லும் விதம் முக்கியம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் போலும் என்று நினைத்து, பன்றித்தொடைத் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்து வைத்த கதை எனக்கே நடந்தது. சூப்பும் ரிசோத்தோ என்ற குழைந்த அரிசிச் சாதமும் எலும்புச்சாறில் செய்திருக்கலாம். 'இறைச்சி, மீன், பன்றித்தொடை, இறைச்சிச்சாறு எதுவும் இல்லாமல்' என்று முழுதாக இத்தாலிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முதல் வாரத்தில் ஆசிரியையிடம் கேட்டால் திருத்திக் கொடுப்பார். 'தோர்த்தா அல் தெஸ்தோ' என்று கல்லில் சுட்ட தடித்த ரொட்டி அந்த வட்டாரத்துப் பலகாரம், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவார்கள். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும். உங்கள் வீட்டு ஆசாரம் எந்த அளவுக்கு என்று எனக்குத் தெரியாது, சொல்லிவைப்பது என் கடமை. உம்ப்ரியாவில் கஸ்தெல்லூச்சியோ என்ற மலைச் சமவெளியில் விளையும் சின்னப் பயறு பேர்போனது. ஊறவைக்காமலே வேகும், சாம்பாருக்கு ஆகாது, கூட்டுக்கு நன்றாக வரும்.

கடைசியாக ரசப்பொடி. தாராளமாகக் கொண்டு போங்கள், சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் எதற்கும் தடையில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டு வரக்கூடாது. நெய் பாட்டிலும் பால்கோவாவும் சுங்கத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகும். நெய்யைப் பற்றிக் கவலை வேண்டாம். பல்பொருள் அங்காடியில் உப்பில்லாத வெண்ணெய் கால் கிலோ கட்டியாகக் கிடைக்கும். இரண்டு வாங்கிச் சின்ன அடுப்பில் மெதுவாக உருக்குங்கள், முருங்கை இலைக்குப் பதில் இரண்டு துளசி இலை போடலாம். சாயங்காலம் ஜன்னலைத் திறந்த பிறகு உருக்குங்கள். வாசனை தெருவுக்குப் போனால் கீழ் வீட்டு நொன்னா (பாட்டி) கட்டாயம் கதவைத் தட்டி என்னவென்று கேட்பார்.